பக்கத்து இருக்கை

சான் ரமோன்
12 ஏப்ரல் 2025

அன்புள்ள ஜலஜாவுக்கு,

உன் வீட்டுக்காரன் கோபாலசாமி எழுதுவது. இங்கே மகன் சபரி, மருமகள் ஸ்வர்ணா, பேத்தி ஷ்ரேயா எல்லோரும் சுகம். அங்கே உன் சுகத்தையும், பச்சை உடம்போடு இருக்கும் நம் மகள் கண்மணியின் சுகத்தையும், மாப்பிள்ளை, பேத்தி மானஸா சுகத்தையும் எழுதவும்.

கடிதத்தைப் பார்த்ததும் பயந்துவிடாதே. ஒன்றும் ஆகவில்லை. நேற்று ஃபோனில் பேசினோமே, அது ஒரு பேச்சா? அங்கே கேட்டியில் ஒரு ஸ்பீக்கர், இங்கே சான் ரமோனில் ஒரு ஸ்பீக்கர். நடுவில் மகன், மகள், மாப்பிள்ளை, மருமகள். "அப்பா, அம்மா லைன்ல இருக்காங்க, பேசுங்க" என்றால் நான் என்ன பேச? "சாப்பிட்டியா" என்றேன். "ஆச்சு, நீங்க?" என்றாய். அதோடு சரி. கல்யாணமான புதிதில் நான் குந்தா மின்நிலையத்திலும் நீ கோவில்பட்டியிலுமாக இருந்தபோது கடிதத்தில்தானே குடும்பம் நடத்தினோம்? அந்தப் பழக்கம் இன்னும் கைவசம் இருக்கிறது. தபால்தலையும் கவரும் ஸ்வர்ணா வாங்கித் தந்தாள்.

மார்ச்சில் இரண்டு பேரும் ஒன்றாகத்தான் விமானம் ஏறினோம். வந்த பிறகு உன்னைப் பிரசவத்துக்கு ஒரு ஊருக்கும், என்னை ஷ்ரேயாவைப் பள்ளியில் விட்டு அழைத்துவர ஒரு ஊருக்கும் பங்கு போட்டுவிட்டார்கள். காலையில் பிள்ளையை விடுகிறேன். ஆபீஸ் கட்டடங்களைச் சுற்றி நடக்கிறேன். மறுபடி அழைத்து வருகிறேன். நாய்க்கு வேலையும் இல்லை, நிற்க நேரமும் இல்லை என்பது என் கதை.

ஒரு நல்ல செய்தி. ஜூலை நாலாம் தேதி இவர்களுக்குச் சுதந்திர தினம். சபரி எங்களை எல்லாம் அன்றைக்கு உங்கள் ஊருக்கு அழைத்து வருகிறான். பக்கத்தில் ஏதோ பேஸ்பால் ஸ்டேடியமாம். இரண்டு குடும்பமும் சேர்ந்து ஆட்டம் பார்ப்பது, கடைசியில் வாணவேடிக்கை. "இந்த ஊர்ல ஜூலை ஃபோர்த்னா ஃபேமிலியோட பால் கேம்தாம்பா" என்கிறான். அந்த ஆட்டத்தில் எனக்கு ஆனா ஆவன்னா தெரியாது. நீ வருவாய் என்று தெரியும், அது போதும்.

ஜூலை 27-ஆம் தேதி நாம் ஊர் திரும்ப டிக்கெட் இருக்கிறதல்லவா? நீ இங்கே வந்து என்னோடு ஏறுகிறாயா, அங்கே பக்கத்து ஹூஸ்டனிலிருந்தே கிளம்புகிறாயா என்று சபரி கேட்கிறான். கண்மணியைக் கேட்டு எழுது. முட்டிக்குத் தைலம் தடவ மறக்காதே.

இப்படிக்கு,
கோபாலசாமி


கேட்டி
23 ஏப்ரல் 2025

அன்புள்ள அத்தானுக்கு,

ஜலஜா வணக்கத்துடன் எழுதியது. இங்கே தாய்க்கும் சேய்க்கும் குறையில்லை. உங்கள் இரத்த அழுத்தம் எப்படி இருக்கிறது? வேளைக்கு மாத்திரை போடுகிறீர்களா?

உங்கள் கடிதத்தைத் தபால்பெட்டியிலிருந்து எடுத்து வந்தது மாப்பிள்ளை. "அத்தை, உங்களுக்கு லவ் லெட்டர் வந்திருக்கு" என்று நடுவீட்டில் நின்று சொல்கிறார். எனக்கு முகத்தை எங்கே கொண்டு போய் வைப்பது என்று தெரியவில்லை. துணி மடிக்கிற சாக்கில் ரூமுக்குப் போய்ப் படித்தேன். இரண்டு தடவை படித்தேன். உங்கள் கையெழுத்து இன்னும் கோழி கிண்டினாற்போலத்தான் இருக்கிறது.

இந்த வீட்டில் ரூம் இரண்டே. ஒன்றில் அவர்கள், ஒன்றில் நானும் குழந்தையும். மாப்பிள்ளை காலையில் போனால் இருட்டித்தான் வருகிறார். கண்மணி தூக்கம் இல்லாமல் கருவாடாகிப் போனாள். முந்தாநாள் குழந்தையைத் தூங்கவைத்துவிட்டு உட்கார்ந்தேன். வந்து என் மடியில் தலை வைத்துப் படுத்துக்கொண்டாள். "நீ இல்லன்னா நான் என்னம்மா பண்ணுவேன்" என்றாள். பத்தாம் வகுப்புக்குப் பிறகு அவள் என் மடியில் படுத்தது இதுதான் முதல் தடவை. தலைக்கு எண்ணெய் கூட வைக்கமாட்டேன் என்கிறவள், அன்றைக்கு வைக்கவிட்டாள்.

ஜூலை நாலுக்கு நான் ரெடி. அதற்குள் குழந்தைக்கு மூன்று மாதம் ஆகிவிடும், வெளியே தூக்கலாம். இங்கே இப்போதே நம் ஊர் சித்திரை வெயில். தொப்பி போட்டுக்கொண்டு வாருங்கள், பந்து விழுந்தாலும் மண்டைக்குப் பாதுகாப்பு.

ஸ்வர்ணா கொடுக்கிற காப்பியைக் குறை சொல்லாமல் குடியுங்கள். குழந்தை அழுகிறது, நிறுத்துகிறேன்.

தங்கள்,
ஜலஜா


சான் ரமோன்
4 மே 2025

அன்புள்ள ஜலஜாவுக்கு,

கோபாலசாமி ஆசியுடன் எழுதுவது. நாங்கள் சௌக்கியம், உங்கள் சௌக்கியத்துக்குக் கடவுள் துணை. ஸ்வர்ணாவின் காப்பியைக் குறை சொல்லவில்லை. அதைக் காப்பி என்றும் சொல்லவில்லை.

இங்கே பூங்காவில் என்னைப் போல நாலைந்து பேர் சேருவோம். எல்லோரும் பிள்ளைகள் வீட்டுக்கு வந்தவர்கள். விசிட்டர் விசா சங்கம் என்று பேர் வைத்திருக்கிறேன். தினம் ஒரே பேச்சு: "நீங்க எப்ப ரிடர்ன்?" கர்நூல்காரர் ஒருவர் போன வாரம் சம்சாரத்தோடு கிளம்பிவிட்டார். போகிற அன்று அவர் முகத்தைப் பார்க்கவேண்டுமே, தாலி கட்டப்போகிற மாப்பிள்ளை மாதிரி. "உங்களுக்கு எப்ப சார்?" என்று என்னைக் கேட்டார். "ஜூலை இருபத்தேழு, ரெண்டு பேரும்" என்றேன்.

பேஸ்பாலை டி.வி.யில் போட்டுப் பார்த்துப் பழகுகிறேன். ஒருவன் எறிகிறான். அடிக்கவேண்டியவன் பேசாமல் நிற்கிறான். பின்னால் உட்கார்ந்திருப்பவன் பிடித்துத் திருப்பிக் கொடுக்கிறான். இதே முக்கால் மணி நேரம் நடக்கிறது. நம் கிரிக்கெட்டில் ரன் ஓடாத பந்துக்குக் கூட ஒரு மரியாதை உண்டு. ஷ்ரேயா பக்கத்தில் உட்கார்ந்து, "தாத்தா, யூ ஹாவ் டு பி பேஷன்ட்" என்கிறாள். என்னிடம் போய்ப் பொறுமையைச் சொல்கிறாள்.

டிக்கெட் விஷயம் நீ எழுதவில்லையே? எங்கே ஏறுகிறாய்? நம் இரண்டு பேருக்கும் பக்கத்துப் பக்கத்து இடமாக இப்போதே கேட்டு வைக்கலாம் என்கிறான் சபரி. மறக்காமல் எழுது.

கோபாலசாமி


கேட்டி
27 மே 2025

அன்புள்ள அத்தானுக்கு,

ஜலஜாவின் வணக்கம். அனைவர் நலமும் அறிந்து மகிழ்ச்சி. நாங்களும் ஒரு மாதிரி நலம்.

பதில் எழுத இவ்வளவு நாளாகிவிட்டதற்குக் கோபித்துக்கொள்ளாதீர்கள். குழந்தைக்கு வயிற்றுப் பொருமல். சாயங்காலமானால் வீரிட்டு அழுகிறாள். ஓமத் தண்ணீர் கொடுக்கலாம் என்றால் டாக்டர் கூடாது என்கிறார். தோளில் போட்டுக்கொண்டு ஹாலுக்கும் கிச்சனுக்கும் நடப்பதுதான் மருந்து. என் தோளில் போட்டால்தான் அடங்குகிறாள். கண்மணி தூக்கினால் அழுகிறாள், பாவம், அவளும் சேர்ந்து அழுகிறாள்.

ஆகஸ்டில் கண்மணி ஆபீஸ் போகவேண்டும். குழந்தையை விட டேகேரில் இடம் இல்லையாம், ஜனவரிக்குப் பேர் கொடுத்திருக்கிறார்கள். சம்பந்தி அம்மாளுக்கு முதுகுத்தண்டில் ஆபரேஷன், அவர்களால் இந்த வருஷம் வரமுடியாது. அது கிடக்கட்டும்.

இங்கே ஒரு தமிழ்க் குடும்பம் வாழைப்பூ கொண்டுவந்து கொடுத்தார்கள். ஆய்ந்து முடிக்க மூன்று நாள் ஆனது, பத்துப் பூ ஆய்வதற்குள் குழந்தை கூப்பிட்டுவிடும். உங்களுக்குப் பிடிக்குமே என்று நினைத்துக்கொண்டு வடை தட்டினேன். மாப்பிள்ளை ஆறு சாப்பிட்டார்.

ஷ்ரேயாவுக்கு லீவு விட்டாயிற்றா? நீங்கள் வெயிலில் நடக்கவேண்டாம். வேறு விசேஷம் இல்லை.

தங்கள்,
ஜலஜா


சான் ரமோன்
3 ஜூன் 2025

அன்புள்ள ஜலஜாவுக்கு,

எல்லோரும் சுகம். நானும் சுகம் என்றே வைத்துக்கொள்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்க்கிறாய். வாழைப்பூ எழுதத் தெரிகிறது, வடை எழுதத் தெரிகிறது. நான் இரண்டு கடிதத்தில் கேட்டதற்கு மட்டும் பதில் எழுத மையில்லை. வருகிறாயா, இல்லையா?

வியாழக்கிழமை வாக்கிங் போய்விட்டு வந்து கதவைத் திறக்கும் நம்பரை மறந்துவிட்டேன். ஃபோன் வீட்டுக்குள். எல்லோரும் ஆபீசில், ஷ்ரேயா சம்மர் கேம்பில். வாசற்படியில் சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தேன். எதிர்வீட்டுக்காரர் கை ஆட்டிவிட்டுக் காரில் போனார், திரும்பி வந்தார், மறுபடி கை ஆட்டினார். நான் காற்று வாங்குகிறேன் என்று நினைத்திருப்பார். சபரி வந்ததும், இப்போதுதான் வந்தேன் என்று சொல்லிவிட்டேன். உன்னிடம்தான் சொல்கிறேன். யாரும் என்னைக் குறைவாக நடத்தவில்லை, எல்லோரும் தங்கமானவர்கள். ஆனால் பேச ஆளில்லை, ஜலஜா.

பதில் எழுது.

கோபாலசாமி


கேட்டி
20 ஜூன் 2025

அன்புள்ள அத்தானுக்கு,

வணக்கம். நலம், நலமறிய ஆவல்.

படிக்கட்டில் உட்கார்ந்த கதையைப் படித்துவிட்டு எனக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. நம்பரை ஒரு சீட்டில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

நாலாம் தேதிக்குப் புளியோதரை கிளறுகிறேன். அந்த ஸ்டேடியத்தில் சாப்பாடு கொண்டுபோகலாமாம், ஆனால் உள்ளே இருப்பது வெளியே தெரிகிற பையில்தான் வைக்கவேண்டுமாம். புளியோதரைக்குக் கூட ஒளிவு மறைவு இல்லாத ஊர். நான் அரக்குச் சேலை கட்டுகிறேன். நீங்கள் அந்த நீலச் சட்டையைப் போட்டு வாருங்கள், கூட்டத்தில் கண்டுபிடிக்க வசதி. காலையிலேயே வந்துவிடுவீர்கள் என்று சபரி சொன்னான். மத்தியானம் வீட்டில் சாப்பாடு, பிறகு ஆட்டம்.

நீங்கள் கேட்டதை நேரில் பேசுவோம். எழுதினால் வேறு மாதிரி ஆகிவிடும்.

ஜலஜா


கேட்டி
7 ஜூலை 2025

அன்புள்ள அத்தானுக்கு,

ஜலஜா எழுதுவது. ஆட்டம் முடிந்த கையோடு சபரி அழைத்துப் போன டிஸ்னியெல்லாம் சுற்றிப் பார்த்து நல்லபடியாக வீடு வந்து சேர்ந்திருப்பீர்கள். இங்கே குழந்தைக்கு இன்னும் சத்தம் கேட்டால் தூக்கிவாரிப் போடுகிறது. மற்றபடி குறையில்லை.

உங்களைப் பார்க்க மூன்று மாதம் காத்திருந்தேன். பார்த்தேன், மைதானத்துக்கு அந்தப் பக்கத்தில்.

காலையிலிருந்து சாம்பாரையும் கூட்டையும் வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மழையில் உங்கள் விமானம் தாமதமாகி, நேராக ஸ்டேடியம் வாசலில்தான் வந்து இறங்கினீர்கள். தலை கலைந்து, நீலச் சட்டை கசங்கி. கிட்ட வருவதற்குள் ஃபோட்டோ எடுக்க நிறுத்திவிட்டார்கள். குழந்தை நடுவில், நான் ஒரு கோடி, நீங்கள் ஒரு கோடி.

அப்புறம் அந்த டிக்கெட் கூத்து. அம்மா அப்பா நம்மோடு உட்காரட்டும் என்று சபரி நம் இருவருக்கும் சேர்த்து ஒரு பக்கம் வாங்கியிருக்கிறான். அதே ஆசையில் மாப்பிள்ளையும் நம் இருவருக்கும் சேர்த்து நிழல் விழுகிற எதிர்ப்பக்கம் வாங்கியிருக்கிறார். ஒருவருக்கொருவர் சொல்லவில்லை. "ஏண்ணா எங்கிட்ட சொல்லல?" என்று கண்மணி கேட்க, "நீ மட்டும் சொன்னியா?" என்று அவன் கேட்க, இரண்டு முகமும் சிவந்துவிட்டது. கடைசியில் சபரிதான், "சரி விடு, அப்பா எங்ககூட, அம்மா உங்ககூட. பாதி கேம்ல மாத்திக்கலாம்" என்று தீர்ப்புச் சொன்னான். யாரும் மாற்றவில்லை. உங்கள் பக்கத்தில் ஒரு இடம் காலி, என் பக்கத்தில் ஒரு இடம் காலி.

நான் எழுந்து வந்திருக்கலாம். மாப்பிள்ளை ஆசையாக வாங்கிய இடத்தை மதிக்கவில்லை என்று ஆகிவிடுமோ என்று பயம். நீங்களும் சபரி முகம் சுண்டிவிடும் என்றுதான் உட்கார்ந்திருப்பீர்கள். பிள்ளைகள் முகம் வாடக்கூடாது என்றே இருந்து பழகிவிட்டோம்.

தேசிய கீதம் பாடும்போது எல்லோரும் நெஞ்சில் கை வைத்து எழுந்தார்கள். நானும் குழந்தையோடு எழுந்தேன். எதிரே ஒரு நீலச் சட்டை எழுந்தது. அதற்குப் பிறகு யார் அடித்தார்கள், யார் ஜெயித்தார்கள், எதுவும் எனக்குத் தெரியாது.

வெடி ஆரம்பித்ததும் குழந்தை அலறினாள். தூக்கிக்கொண்டு உள்ளே சாப்பாட்டுக் கடைப் பக்கம் ஓடினேன். அவளைத் தட்டிக்கொண்டே நின்று திரும்பிப் பார்த்தால் நீங்கள் நிற்கிறீர்கள். ஜனமெல்லாம் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்த அந்தக் கொஞ்ச நேரம்தான் நமக்குக் கிடைத்தது. நீங்கள் ஏதோ சொன்னீர்கள், வெடிச் சத்தத்தில் கேட்கவில்லை. என்ன என்று கேட்பதற்குள் கண்மணி வந்துவிட்டாள். "அப்பா, அம்மா சொன்னாங்களா? விசா எக்ஸ்டென்ஷன் அப்ளை பண்ணியாச்சு! டிசம்பர் வரைக்கும் அம்மா எங்ககூடத்தான்!"

நீங்கள் "நல்லதும்மா" என்று சொல்லிக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தீர்கள். அதைப் பார்த்துக்கொண்டு நின்றேனே, அதற்கு நான் செத்திருக்கலாம்.

மே மாதமே அவள் கேட்டாள். சரி என்றேன். உங்களிடம் எழுதவேண்டும் என்று உட்காருவேன், வாழைப்பூவை எழுதிவிட்டு எழுந்துவிடுவேன். அவள் கட்டாயப்படுத்தவில்லை. உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: நீ இல்லாவிட்டால் முடியாது என்று அவள் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. இந்த முப்பத்தொன்பது வருஷத்தில் அந்த வார்த்தையை என்னிடம் யாரும் சொன்னதில்லை. நீங்களும் சொன்னதில்லை. கேட்டதும் மயங்கிவிட்டேன். உங்களைக் கேட்காமல் தலையாட்டியது தப்பு.

திட்டியாவது எழுதுங்கள்.

ஜலஜா


கேட்டி
15 ஜூலை 2025

அன்புள்ள அத்தானுக்கு,

வணக்கம். இங்கே நலம்.

என் கடிதம் கிடைத்திருக்கும். கிணற்றில் போட்ட கல்லாக இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஃபோனிலும் "சாப்பிட்டியா" மட்டும்தான். சபரி, "அப்பா ஓகேம்மா, டி.வி. பாத்துட்டிருக்கார்" என்கிறான். நீங்கள் என்ன பார்க்கிறீர்கள் என்று அவனுக்கு எப்படித் தெரியும்?

இன்னும் பன்னிரண்டு நாளில் கிளம்புகிறீர்கள். பேசாமல் போய்விடாதீர்கள்.

ஜலஜா


சான் ரமோன்
18 ஜூலை 2025

அன்புள்ள ஜலஜாவுக்கு,

கோபாலசாமி எழுதுவது. இங்கே பிள்ளைகள் சுகம். உன் முட்டி எப்படி? குழந்தைக்குப் பயம் தெளிந்ததா?

உன் இரண்டு கடிதமும் தலையணைக்குக் கீழே இருக்கின்றன. கோபம் என்று நினைத்திருப்பாய். கோபம்தான். ஏன் சொல்லவில்லை என்றுதான் கோபம், ஏன் இருக்கிறாய் என்று இல்லை.

நீ எழுதாத ஒன்றை நான் எழுதுகிறேன். ஸ்வர்ணா பறவை பார்க்கிற பைனாகுலர் கொண்டுவந்திருந்தாள். "மாமா, கேமை க்ளோஸா பாருங்க" என்று கொடுத்தாள். நான் எங்கே கேம் பார்த்தேன்? கல்யாண வீட்டில் திருட்டுத்தனமாகப் பெண்ணைப் பார்க்கிற வாலிபன்போல உன்னைப் பார்த்தேன். உன் பக்கத்து இருக்கையில் குழந்தையின் பையை வைத்திருந்தாய். கொஞ்ச நேரம் கழித்து அதை எடுத்துக் காலடியில் இறக்கினாய். அப்புறம் யாரோ ஒரு வெள்ளைக்கார அம்மாள் வந்து உட்காரப் பார்த்தாள். நீ கையை அந்த இடத்தின்மேல் வைத்துக்கொண்டு தலையை ஆட்டினாய். பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடித்து, ஆள் வருது ஆள் வருது என்று எல்லோரையும் விரட்டுவாயே, அதே முகம்.

ஆள் யார் என்று எனக்குத் தெரியாதா? எழுந்து வந்திருக்கவேண்டும். சபரி முகம் சுண்டினால் சுண்டட்டும் என்று வந்திருக்கவேண்டும். என் பக்கத்து இடத்தில் ஷ்ரேயா வைத்திருந்த பாப்கார்ன் வாளியை எடுத்துக் கீழே வைத்துவிட்டு, வெடி ஆரம்பிக்கும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன், முட்டாள்.

வெடிச் சத்தத்தில் நான் சொன்னது கேட்கவில்லை என்று எழுதியிருக்கிறாய். இளைத்துவிட்டாய் என்றுதான் சொன்னேன்.

நீ இல்லாமல் முடியாது என்று நான் சொன்னதே இல்லை என்று எழுதியிருக்கிறாய். சொன்னதில்லைதான். குடிக்கிற தண்ணீரைப் பார்த்து யார் அப்படிச் சொல்கிறார்கள்? குழாயில் வராதபோதுதான் தெரிகிறது. இப்போது சொல்கிறேன், முடியவில்லை ஜலஜா. கோவில்பட்டி வீட்டைப் பூட்டித் திறந்து, விளக்குப் போட்டு, யாரிடமும் சொல்லாமல் சாப்பிட்டு, யாரிடமும் சொல்லாமல் படுப்பதை நினைத்தால் எனக்குப் பயமாக இருக்கிறது. அறுபத்தாறு வயசில் வெட்கத்தை விட்டு எழுதுகிறேன்.

இனிக் கேள். 27-ஆம் தேதிப் பயணத்தை ஹூஸ்டன் வழியாக மாற்றித் தரச் சொன்னேன். சபரி ஏன் என்று கேட்கவில்லை, மாற்றிவிட்டான். காலையில் அங்கே இறங்குவேன், சாயங்காலம்தான் அடுத்த விமானம். வெளியே வந்து உட்கார்ந்திருப்பேன். உன் டிக்கெட்டை ரத்து செய்யவேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். ஹூஸ்டனிலிருந்து ஊருக்கு உன் பேரிலும் இடம் இருக்கிறது. வருவதும் வராததும் உன் இஷ்டம். அதை நான் எழுதி உன்னைக் கட்டிப்போடமாட்டேன், நேரில் கேட்பேன். குடும்பத்தோடு வராதே, நீ மட்டும் வா. ஆயிரம் பேசவேண்டியிருக்கிறது.

உன்,
கோபாலசாமி


கேட்டி
29 ஜூலை 2025

கோவில்பட்டியில் இருக்கும் அன்புள்ள அத்தானுக்கு,

ஜலஜா பல வணக்கங்களுடன் எழுதியது. சுகமாகப் போய்ச் சேர்ந்ததைச் சபரி சொன்னான். இது உங்கள் கைக்கு வர மூன்று வாரம் ஆகும் என்கிறார்கள். அதற்குள் வீடு கழுவி விட்டிருப்பீர்கள். கண்மணியும் குழந்தையும் நலம். கண்மணி திங்கட்கிழமை ஆபீஸ் போகிறாள்.

அன்றைக்கு நடந்ததை எழுதிவிடுகிறேன். ஏர்போர்ட்டுக்கு நான் மட்டும் போகிறேன் என்றதும் கண்மணி, "நாங்களும் வர்றோம்மா, அப்பாவைப் பாத்து பை சொல்லணும்" என்றாள். "வேண்டாம். எங்க வீட்டுக்காரரை நான் பாக்கப் போறேன். நீ ஒரு வண்டிய மட்டும் புக் பண்ணு" என்றேன். ஃபோனை எடுத்து வண்டிக்குச் சொன்னாள். என் வாழ்க்கையில் ஒரு வாடகைக் காரில் தனியாகப் போனது அதுதான் முதல் தடவை. ஃப்ரீவேயில் போகப் போக, டிரைவர் எங்கேயாவது கொண்டுபோய் விட்டால் என்ன செய்வது என்று அந்த நீலச் சட்டையை நினைத்துக்கொண்டே போனேன்.

நீங்கள் இருந்தீர்கள். "வந்துட்டியா" என்றீர்கள். தயிர்ச்சாதத்தை எடுத்துக் கொடுத்தேன், ஊறுகாய் போதவில்லை என்றீர்கள். மனசுக்கு அவ்வளவு நிம்மதியாக இருந்தது. சாப்பிட்டுக் கை கழுவி வந்து, தொண்டையைச் செருமிக்கொண்டீர்கள். பேசப் போகிறீர்கள் என்று தெரிந்தது. "ரெண்டு நிமிஷம் கண்ண மூடிக்கிறேன், நேத்து ராத்திரி தூக்கம் இல்ல" என்று சாய்ந்தீர்கள். தலை என் தோளுக்கு வந்துவிட்டது.

அப்படியே தூங்கிவிட்டீர்கள். சக்கரப் பெட்டியை உருட்டிக்கொண்டு ஜனங்கள் போகிறார்கள், வருகிறார்கள். நம்மைப் பார்த்து ஒரு கறுப்பினப் பெண்மணி சிரித்துவிட்டுப் போனாள். நடுச்சந்தியில் இப்படி உட்கார்ந்திருக்க நம் ஊரில் எனக்குத் தைரியம் வந்திருக்குமா? உங்களுக்கு லேசாகக் குறட்டை. தோள் மரத்துப்போயிற்று. நான் அசையவில்லை.

கவுன்ட்டர் மூடப் போகிற நேரத்துக்குத்தான் எழுப்பினேன். அரக்கப் பரக்க ஓடினீர்கள். உள்ளே போகிற இடத்தில் திரும்பிப் பார்த்து, "முன்னமே எழுப்பியிருக்கக் கூடாதா? ஆயிரம் பேசணும்னு வந்தேனே" என்று குறைப்பட்டீர்கள். "அசதியா இருந்தீங்க" என்றேன். வரிசை நகர்ந்துவிட்டது.

அசதிக்காக இல்லை. என் பாஸ்போர்ட் கைப்பைக்குள்தான் இருந்தது, கிளம்பும்போதே எடுத்து வைத்துக்கொண்டுதான் வந்தேன். எழுப்பியிருந்தால் பேசியிருப்பீர்கள். வா என்று ஒரு வார்த்தை உங்கள் வாயால் கேட்டிருந்தால், கண்மணியையும் குழந்தையையும் அப்படியே போட்டுவிட்டு, கட்டிய சேலையோடு உங்கள் பின்னால் வந்திருப்பேன். அதனால்தான் எழுப்பவில்லை.

உங்கள்,
ஜலஜா